மடிப்பாக்கத்தில் 200 லிட்டர் கடல்

எங்கள் வீட்டுக் கடல்நீர் மீன்தொட்டிக்குக் கீழே உள்ள சம்பில், அதாவது தொட்டித் தண்ணீர் இறங்கி வந்து திரும்ப மேலே போகும் கண்ணாடிப் பெட்டியில், வெளிப்பக்கம் ஒரு துண்டு நீல டேப் ஒட்டியிருக்கிறது. காலையில் காபி குடித்து முடித்ததும் அம்மா குனிந்து அந்த டேப்பைப் பார்ப்பார். தண்ணீர் அதற்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறதோ, அந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீரைச் சொம்பால் நிதானமாக ஊற்றுவார். 5 வருடமாக நடக்கிறது. ஊருக்குப் போனால் போனில் கேட்பார், "டேப் வரைக்கும் இருக்கா?" என்று. இந்தத் தொட்டி இத்தனை நாள் உயிரோடு இருப்பதற்கு விலை கூடிய விளக்கோ மோட்டாரோ காரணம் இல்லை, அந்தச் சொம்புத் தண்ணீர்தான் பெரிய காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கணக்கு இதுதான். தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கீழே உள்ள சம்பையும் சேர்த்து, கல்லும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் சுமார் 200 லிட்டர் தண்ணீர். சென்னை வெயிலில், மேலே ஒரு சின்ன ஃபேனும் ஓடும்போது, ஒரு நாளைக்கு 3 லிட்டர் ஆவியாகிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பளவு ஒரே நாளில் முப்பத்தைந்தரையைத் தொடும், 5 நாள் யாரும் கவனிக்கவில்லை என்றால் 38ஐ நெருங்கும். மீன் அதைக்கூடத் தாங்கிவிடும், பவளமும் இறாலும் சுருங்கிப்போகும். குறைந்த தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீரை ஊற்றுவதுதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் முதல் தவறு. அது உப்பை இன்னும் ஏற்றிவிடும்.

நான் 2021இல் ஆரம்பித்தபோது படித்த குறிப்புகள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஹீட்டர் எத்தனை வாட், குளிர்காலத்தில் தண்ணீர் ஆறாமல் பார்ப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஒரு ஹீட்டர் வாங்கியும் வைத்தேன், இன்றுவரை அது பெட்டியிலேயே இருக்கிறது. நமக்கு எதிரி வெப்பம். தொட்டிக்கு 25லிருந்து 27 டிகிரி வரை நல்லது. சித்திரை, வைகாசியில் ஹால் 34 டிகிரி இருக்கும்போது தண்ணீர் தானாக 31க்கு ஏறிவிடும், அதற்கு மேல் மோட்டார்கள் விடும் சூடு வேறு. ஃபேன் வைத்து ஆவியாக்கிக் குளிரச் செய்யலாம், 2 டிகிரி, அதிகம் போனால் 3 டிகிரி குறையும். ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வந்ததும், ஆவியாவதே குறைந்து ஃபேனின் பலன் பாதியாகிவிடுகிறது. முதல் கோடையில் இதைப் புரிந்துகொள்ளாமல் ஃபேனை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். இரண்டாவது கோடைக்குக் கடன் வாங்கி, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷின் வாங்கினோம். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்தான் கக்கும், அதனால் அதை ஜன்னல் ஓரமாக, பின்பக்கம் காற்று வெளியே போகும்படி வைக்கவேண்டும். அலமாரிக்குள் அடைத்து வைத்தால் தன் சூட்டையே தான் வாங்கி நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் பில் ஏறும், தண்ணீர் ஆறாது.

சரி, தண்ணீர். "கடல் 10 கிலோமீட்டரில் இருக்கிறது, கேன் கொண்டுபோய்ப் பிடித்து வரலாமே" என்று வீட்டுக்கு வரும் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சென்னைக் கரையோரத்து நீரில் அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்ப்பது என்னவென்று நமக்குத் தெரியும். அதைவிட, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வங்கக் கடலின் கரையோர உப்பளவே இறங்கிவிடும், ஆற்றுநீரும் மழைநீரும் அவ்வளவு கலக்கிறது. ஜூனில் பிடித்த தண்ணீரும் டிசம்பரில் பிடித்த தண்ணீரும் ஒன்றாக இருக்காது. அதனால் பாக்கெட் உப்பு வாங்கிக் கரைக்கிறேன், லிட்டருக்குச் சுமார் 37 கிராம். இரவு முழுக்க ஒரு சின்ன மோட்டார் போட்டுச் சுழலவிட்டு, காலையில் அளந்து பார்த்துத்தான் ஊற்றுவேன். உப்பளவை அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவி போதும், ஆனால் அதை வெறும் தண்ணீரில் பூஜ்யத்துக்குச் சரிசெய்துவிட்டு நம்பிவிடக்கூடாது. 35 பிபிடி கரைசல் ஒரு சின்ன பாட்டிலாக விற்கிறது, அதில் சரிபாருங்கள்.

கரைக்கும் தண்ணீரும் முக்கியம். எங்கள் போர் தண்ணீர் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,100. வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கிறதே என்று முதல் 3 மாதம் அதையே பயன்படுத்தினேன், கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. பிறகுதான் தெரிந்தது, பல வீட்டு மெஷின்களில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரையே திரும்பக் கலந்துவிடும் அமைப்பு இருக்கிறது என்று. வெளியே வருவது 60, 70 டிடிஎஸ். இப்போது அந்த அமைப்பை மூடிவிட்டு, ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்சம் இருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குழாய் ஒன்றை மாட்டியிருக்கிறேன், மீட்டர் 0 காட்டுகிறது. ரெசின் தீர்ந்தால் 2, 3 என்று ஏற ஆரம்பிக்கும், அன்றே மாற்றிவிடவேண்டும்.

அடுத்து சொல்லப்போவதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் விலாவாரியாக எழுதுகிறேன்.

கடல்நீர்த் தொட்டியில் புரோட்டீன் ஸ்கிம்மர் என்று ஒரு கருவி உண்டு. மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே இருக்கும். மீன் கழிவிலும் மிச்ச உணவிலும் இருந்து கரைந்த கொழுப்பும் புரதமும் அந்தக் குமிழிகளின் மேல் ஒட்டிக்கொண்டு, நுரையாக மேலே ஏறி ஒரு கிண்ணத்தில் விழும். 2019 மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கரையில் வெள்ளை வெள்ளையாக நுரை ஒதுங்கியதே, அங்கேயும் நடந்தது கிட்டத்தட்ட இதே வேலைதான், கழிவுநீர் கலந்த தண்ணீரை அலை அடித்து நுரையாக்கியது. எங்கள் கிண்ணத்தில் சேர்வது டீ நிறத்தில், நாற்றத்தோடு இருக்கும். வாரம் இருமுறை கழுவுகிறேன்.

இந்தக் கருவி நிமிடத்துக்குப் பல லிட்டர் காற்றை இழுக்கிறது. எங்கிருந்து? நம் அறையிலிருந்து. அறையில் கொசு விரட்டி லிக்விட் செருகியிருந்தால் அதுவும் சேர்ந்து தண்ணீருக்குள் போகும். அந்தத் திரவங்களில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. மனிதருக்குச் சிறிய அளவில் பெரிய தொந்தரவு இல்லை, மீனுக்கும் இறால் இனத்துக்கும் கடுமையான நஞ்சு. மழை முடிந்து கொசு மொய்த்த ஒரு வாரம், ஹாலில் இரவு முழுக்க அதைப் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில், மீன்களின் வாயைச் சுத்தம் செய்யும் சிவப்புக் கோட்டு இறால்கள் இரண்டும் ஒருக்களித்துக் கிடந்தன. உப்பு, அமோனியா, வெப்பம் எல்லாம் சரியாக இருந்தது. செருகியைக் கழற்றி, கரி போட்டு வடிகட்டி, 60 லிட்டர் தண்ணீர் மாற்றிய பிறகு மற்ற உயிர்கள் தப்பின. அன்றிலிருந்து ஹாலில் கொசுவலை அடித்த ஜன்னல்தான், வேறு எதுவும் இல்லை. அந்த இறால்கள் என் கையிலிருந்து உணவு வாங்கித் தின்றவை, இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டதும் இன்னொரு பலன் கிடைத்தது. ஏசி போட்டுக் கதவைச் சாத்திவிட்டு 4 பேர் உட்கார்ந்திருந்தால் அறையில் கரியமில வாயு கூடும், அது தண்ணீரில் கரைந்து பிஎச் (தண்ணீரின் அமில, கார நிலையைக் காட்டும் எண்) இறங்கும். முன்பு இரவில் 7.8 வரை இறங்கிக்கொண்டிருந்தது, இப்போது 8.1க்குக் கீழே போவதில்லை. பிஎச் ஏற்றும் மருந்து எதுவும் ஊற்றவில்லை, ஒரு மீட்டர் குழாய், அவ்வளவுதான்.

ஆரம்பிக்கும்போது பொறுமை வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற 4லிருந்து 6 வாரம் ஆகும். கடல்நீரின் பிஎச் அதிகம் என்பதால் அதே அளவு அமோனியா நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அதிகம் கொல்லும். அதனால் பாக்டீரியா குடியேறும் வரை ஒரு மீன்கூட விடாதீர்கள்.

அப்புறம் சுத்தம். தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. வாரத்துக்கு 40 லிட்டர் மாற்றி, ஸ்கிம்மரை ஓயாமல் ஓட்டி, பாஸ்பேட் உறிஞ்சியும் போட்டதில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. அடுத்த மாதமே மணல் மேல் பழுப்பு நிறச் சளி, அதில் குமிழிகள். டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். மற்ற பாசிகளும் பாக்டீரியாவும் பட்டினி கிடக்கும்போது இதற்குக் கொண்டாட்டம். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, மீன்களுக்குத் தீனி கூட்டி, 7 வாரம் போராடித்தான் போனது. இப்போது நைட்ரேட் 5லிருந்து 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு), பாஸ்பேட் 0.05 பக்கத்தில் இருந்தால் நிம்மதி. வாரம் 20 லிட்டர் மட்டும் மாற்றுகிறேன்.

இனி பவளத்தைப் பற்றி. என் தொட்டியில் கல் பவளம் இல்லை, வைக்கவும் மாட்டேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், கடல் குதிரை எல்லாம் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வந்து தொட்டியில் வைக்கக்கூடாது. "யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. எனக்கு இது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை.

நான் தூத்துக்குடிக்காரி. சின்ன வயதில் நாங்கள் இருந்த பழைய வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் பவளக்கல் இருந்தது, விரலால் தடவினால் பூப்பூவாகக் குழி தெரியும். படகு படகாக மன்னார் வளைகுடாவிலிருந்து வெட்டி வந்து, சுண்ணாம்புக்குச் சுட்டார்கள், வீடு கட்டினார்கள், யாரும் தவறாக நினைக்காத காலம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற 2 தீவுகள் இப்போது தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்ததால் அலைக்குத் தடுப்பு இல்லாமல் மணல் கரைந்து போய்விட்டது. மிச்சம் இருந்த பவளங்களையும் 2010லும் 2016லும் கடல் சூடு வெளுக்கவைத்தது. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்கு உணவு செய்து தரும் நுண்பாசியை, சூடு நீடித்தால் பவளம் வெளியே தள்ளிவிடும், நிறம் போய் வெள்ளைக் கூடாக நிற்கும், சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். என் தொட்டியில் 2 டிகிரி ஏறாமல் இருக்க நான் படும் பாட்டைப் பார்த்த பிறகுதான், அந்தக் கடலுக்கு 2 டிகிரி என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது.

அதனால் தொட்டியில் இருப்பது செராமிக் கல். வாங்கும்போது சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது, 2 வருடத்தில் ஊதா நிறப் பாசி படர்ந்து உண்மைப் பாறை போல ஆகிவிட்டது. பவளங்கள், அந்தப் பட்டியலில் வராத மென்பவளங்கள்தான், அதுவும் ஒரு நண்பர் தன் தொட்டியில் வளர்ந்ததை வெட்டிக் கொடுத்தது. காளான் பவளம், தோல் பவளம், ஜோவாந்தஸ். இவற்றுக்குச் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் வேலை இல்லாததால் கால்சியம், காரத்தன்மை எல்லாம் தினமும் ஊற்றவேண்டியதில்லை. வாரத் தண்ணீர் மாற்றத்திலேயே கால்சியம் 420 பிபிஎம், காரத்தன்மை 8 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு), மெக்னீசியம் 1,300 பிபிஎம் என்று நிற்கிறது. தோல் பவளம் சில நாள் மூடிக்கொண்டு, பளபளவென்று மெழுகு பூசியது போல ஆகி, பிறகு மெல்லிய தோலை உரிக்கும். செத்துவிட்டது என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அலை மோட்டாரை அதன் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும். ஜோவாந்தஸ் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வெட்டக்கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது, ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள்.

கோமாளி மீன்கள் இரண்டும் குஞ்சுப் பண்ணையில் பிறந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை நம் ஆட்களே செய்து காட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது பண்ணை மீனா என்று கேளுங்கள். பண்ணை மீன் உலர் தீனியைத் தின்னப் பழகியிருக்கும், மனிதரைக் கண்டு மிரளாது. கடலில் பிடித்ததற்கு இரண்டும் இருக்காது. இறாலும் நத்தையும் கடலிலிருந்து வந்தவைதான், அதையும் சொல்லிவிடுகிறேன், அதனால்தான் அவற்றைச் சாகவிடக்கூடாது என்று இன்னும் கவனமாக இருக்கிறேன்.

மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4, விடியும் முன்னே மின்சாரம் போனது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாங்கள் இரண்டாவது மாடி. 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், கடல்நீருக்கு 7கூட இல்லை. அசைவு நின்றால் 200 லிட்டரில் உள்ள உயிர்களுக்குச் சில மணி நேரம்தான். இன்வெர்ட்டரில் வீட்டு ஃபேன், லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 15 வாட் அலை மோட்டார் ஒன்றை மட்டும் ஓடவிட்டோம், மேற்பரப்பைக் கலக்கும்படி மேல்நோக்கித் திருப்பி. விளக்கு தேவையில்லை, பவளம் 3 நாள் இருட்டைத் தாங்கும். தீனி போடவே இல்லை, தின்றால் கழிவு, கழிவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். 30 மணி நேரத்தில் இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது. அதன் பிறகு, பெரிய பேட்டரி 2 போட்டு ஓடும், தூண்டில் போடுகிறவர்கள் உயிர் இரைக்கு வைத்திருக்கும் காற்று மோட்டார். அதுவும் ஓய்ந்த நேரத்தில் என் மகனும் கணவரும் முறை வைத்து, ஒரு சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், 10 நிமிடத்துக்கு ஒருமுறை. 52 மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது எல்லா மீனும் உயிரோடு இருந்தது. மழைக் குளிர்ச்சியில் தண்ணீர் 25லேயே நின்றது பெரிய உதவி, இதுவே மே மாதமாக இருந்தால் தாங்கியிருக்காது. ஒரு விஷயம், மூடிய டப்பா மாதிரியான கேனிஸ்டர் வடிகட்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவு நேரம் கழித்து அப்படியே சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் அழுகியிருக்கும், கழற்றிக் கழுவிய பிறகே ஓட்டவேண்டும். இன்னொன்று, வயர்கள் எல்லாம் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலேறவேண்டும். வழிந்துவரும் உப்புத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கவே கூடாது.

இந்த வாரச் செய்தி. பெரிய கோமாளி மீன் முட்டையிட்டிருக்கிறது. பிறக்கும்போது எல்லாம் ஆண்தான், ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். சின்னது விசிறி விசிறிக் காவல் காக்கிறது, என் கையைக்கூடக் கொத்துகிறது. முதல் நாள் ஆரஞ்சு நிறத்தில் இருந்த முட்டைகளில் இப்போது வெள்ளிப் புள்ளியாகக் கண்கள். சென்ற முறை எட்டாவது இரவு பொரித்தவை எல்லாம் விடிவதற்குள் சம்புக்குள் போய்விட்டன. பிறந்ததும் அவற்றுக்கு ரோட்டிஃபர் மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத உயிருள்ள நுண்ணிரை வேண்டும், உலர் தீனியைத் தின்னாது. இந்த முறை பால்கனியில் 5 லிட்டர் கேன் இரண்டில் பச்சைப் பாசித் தண்ணீர் வைத்து, அதில் ரோட்டிஃபர் விட்டு 2 வாரம் ஆகிறது. ஒரு துளியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் தூசி போல நகர்வது தெரிகிறது. இன்று ஏழாவது நாள். நாளை இரவு எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட்டு, அலை மோட்டாரையும் நிறுத்திவிட்டு, ஒரு ஓரத்தில் டார்ச் வைத்து அங்கே கூடும் குஞ்சுகளைக் கிண்ணத்தால் மொண்டு எடுக்கவேண்டும். டார்ச் பிடிக்க அம்மா வருகிறேன் என்றிருக்கிறார்.